மாணவன் கையில் மீண்டும் ‘துண்டு’ச் சீட்டா?

கண்டிச் சீமைத் தமிழன் கடன் என்றால் என்னவென்று எவரிடமும் பாடம் கேட்க வேண்டியவன் அல்லன். அவன் பாட்டன் இம்மண்ணில் முதலடி வைத்ததே கடனோடுதான். கப்பற் கூலி கடன். வழிச் சோறு கடன். கங்காணி கொடுத்த கம்பளி கடன். மாத்தளைக் காட்டுவழியே கால் தேய நடந்து வந்தவன் தோட்டத்து லயத்தை அடைந்து முதற் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்னரே, அவன் பெயர் கடன் பேரேட்டில் ஏறியிருந்தது.

அந்தக் கடனுக்கு ஒரு சீட்டு இருந்தது. ‘துண்டு’ என்று அதற்குப் பெயர். இன்னாருடைய கடன் இவ்வளவு. இத்தொகையைக் கட்டுகின்ற தோட்டம் இவரை அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதித் தருகின்ற சிறு தாள். அத்தாள் கைமாறியபோது மனிதனும் கைமாறினான். கடனைத் தீர்ப்பதற்குத் தோட்டம் மாறினான். தோட்டம் மாறியதால் கடன் வளர்ந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம்மவரின் கழுத்தைச் சுற்றிய அந்தத் தாள் 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நூறாண்டு கடந்துவிட்டது. துண்டு பெற்றவனின் பேரப்பிள்ளை இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றான். கட்டுகஸ்தோட்டையிலும் கண்டியிலும் கணக்கியலும் கணினியும் படிக்கின்றான். மகிழ்ச்சி! ஆனால் அவன் கைக்கு இப்பொழுது வேறொரு துண்டு வருகின்றது. இது தாள் அன்று. பளபளக்கும் பிளாஸ்டிக் அட்டை. பெயர் பொறிக்கப்பட்டது, வெள்ளி என்றும் பொன் என்றும் பிளாட்டினம் என்றும் பட்டம் சூட்டப்பட்டது. கங்காணி தலைப்பாகை கட்டி வந்தான். இன்றைய முகவர் கழுத்துப் பட்டி கட்டி வருகின்றார். வேறுபாடு அவ்வளவே என்று சொன்னால் அது மிகை. கடன் அட்டையைக் கட்டாயப்படுத்தி எவரும் திணிப்பதில்லை. தந்தையின் அட்டைக் கடனுக்காக மகனை எவரும் தோட்டம் தோட்டமாக விற்பதுமில்லை. இதனை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் இரண்டுக்கும் உள்ள ஓர் ஒற்றுமையை எவராலும் மறுக்க முடியாது. இன்னும் சம்பாதிக்காத கூலியை இன்றே செலவழிக்கச் செய்து, நாளைய உழைப்பை இன்றே அடகு பிடிப்பது இரண்டினதும் தொழில்.

ஆகவே கேட்கின்றோம்: மாணவன் தன் முதல் அட்டையாக எதனைத் தெரிந்தெடுக்க வேண்டும்? இக்கேள்விக்கு வங்கியின் விளம்பரம் விடை சொல்லுகின்றது. கூடப் படிக்கும் தோழன் விடை சொல்லுகின்றான். தந்தையும் ஆசிரியரும் மட்டும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைக் கலைப்பதே நமது நோக்கம்.

வருமானம் இல்லாதவனுக்குக் கடன் எப்படி வருகிறது?

“மாணவருக்கு வங்கிகள் கடன் அட்டை கொடுப்பதில்லையே, பின் ஏன் இந்தக் கூச்சல்?” என்று சிலர் வினவலாம். உண்மைதான். சம்பளச் சான்று கேட்காமல் முதன்மை அட்டை கொடுப்பது நமது வங்கிகளின் பொது வழக்கம் அன்று. ஆனால் முன்கதவு மூடியிருந்தால் பக்கக் கதவுகள் மூன்று திறந்திருக்கின்றன.

முதலாவது, தந்தையின் கணக்கில் எடுக்கும் துணை அட்டை. அட்டையில் மகனின் பெயர். கடனுக்குப் பொறுப்பு தந்தையின் தலையில். பேராதனையில் இராப்போசனம் உண்டவன் மகன். மாதக் கடைசியில் கணக்குக்கூற்றை வெறித்துப் பார்ப்பவர் மாத்தளை வீதியில் கடை வைத்திருக்கும் அப்பா. இரண்டாவது, நிலையான வைப்பைப் பிணையாக வைத்துப் பெறும் அட்டை. மூன்றாவது, பகுதிநேர வேலைக்கோ பயிற்சி வேலைக்கோ சேர்ந்து முதற் சம்பளச் சீட்டு கைக்கு வந்த அன்றே நீட்டப்படும் விண்ணப்பப் படிவம். இவற்றுக்கும் அப்பால், கைத்தொலைபேசிச் செயலியின் வழியே சில நிமிடங்களில் கடன் தருகின்றோம் என்று அழைக்கும் புதுக் கூட்டமும் உண்டு. தேசிய அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினாற் போதுமாம்! என்னே இவர்களின் இரக்கம்! ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையன்றி இது வேறென்ன?

கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு எண்களைக் கேட்போம். எண்களுக்குக் கட்சி இல்லை.

ஒரு மாணவன் ஓர் இலட்சம் ரூபாய்க்குக் கடன் அட்டையில் பொருள் வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினி ஒன்றும் அதனோடு சில்லறைச் செலவும் என்றால் அவ்வளவுதான். வட்டி ஆண்டுக்கு 28 சதவீதம். கணக்குக்கூற்று வருகின்றது. அதில் முழுத்தொகை ஒருபுறம், “குறைந்தபட்சக் கொடுப்பனவு” மறுபுறம். அக்குறைந்தபட்சம் நிலுவையில் 5 சதவீதம் என்று கொள்வோம். மாணவன் சிறிய எண்ணைப் பார்க்கின்றான், மகிழ்கின்றான், அதனைக் கட்டுகின்றான். புதிதாக ஒரு சதமும் செலவு செய்யாமல் மாதந்தோறும் அதனையே ஒழுங்காகக் கட்டி வருகின்றான்.

ஓராண்டு முடிகின்றது. அவன் கட்டிய தொகை ஏறத்தாழ 52,800 ரூபாய். எஞ்சிய கடன் எவ்வளவு? 71,200 ரூபாய்க்கு மேல்! கட்டியதில் 24,000 ரூபாய்க்கு மேற்பட்டது வட்டிக்கே போயிற்று. ஈராண்டு முடிகின்றது. அவன் கட்டியது 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இன்னும் கட்ட வேண்டியதோ 50,000 ரூபாய்க்கு மேல். வாங்கிய மடிக்கணினி அதற்குள் பழுதாகியிருக்கும்; கடன் மட்டும் இளமையோடு இருக்கும். ஆண்டுக் கட்டணத்தையும் தாமதக் கட்டணத்தையும் இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

இந்த எண்களை நம் வீட்டு எண்களோடு ஒப்பிடுக. மகாபொல புலமைப்பரிசில் 1981ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஏழை மாணவரின் ஊன்றுகோல் அது. அதன் மாதத் தொகை நெடுங்காலம் 5,000 ரூபாய் அளவிலேயே இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்திலேதான் அதனை 7,500 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தனர். மேலே சொன்ன மாணவனின் முதல் மாதக் குறைந்தபட்சக் கொடுப்பனவோ 5,100 ரூபாய்க்கு மேல். அதாவது, நாடு அவனுக்கு உண்ணக் கொடுத்த காசில் பெரும்பகுதி நேரே வங்கியின் பெட்டிக்குப் போகின்றது! தோட்டத்துத் தாயின் கணக்கிலே பார்த்தால், 2024இல் விதிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்கூலிப்படி, முதலாண்டு வட்டி மட்டும் அவள் 18 நாள் மலையேறிக் கொழுந்து பறித்த கூலி. மகன் ஒரு சிறிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்ததற்கு விலை, தாயின் பதினெட்டு நாள்!

தாலிக்கொடியைவிட மலிவானவனா மகன்?

விவசாயி ஒருவருக்கு அவசரப் பணம் வேண்டுமானால் என்ன செய்கின்றார்? அக்குறணையிலும் மாத்தளையிலும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வைத்திருப்பவர் அறுவடை வரும்வரை மனைவியின் நகையை வங்கியில் அடகு வைக்கின்றார். அடகு என்றாலே நம்மவருக்கு வெட்கம். அந்தி சாய்ந்த பின் வங்கி இருந்தால் அந்தி சாய்ந்த பின்னரே போவார். கடன் அட்டை என்றாலோ பெருமை. நாலு பேர் முன்னிலையில் நீட்டுவார்.

வெட்கப்பட வேண்டியது எது, பெருமைப்பட வேண்டியது எது என்பதனை மத்திய வங்கியின் கட்டளைகளிலிருந்தே காட்டுகின்றோம். 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி வட்டிக்கு உச்ச எல்லை விதித்தது. அடகுக்கு 10 சதவீதம். கடன் அட்டைக்கு 18 சதவீதம். நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாமற் கைவிரித்த 2022 ஏப்ரலிலே கடன் அட்டை எல்லை நீக்கப்பட்டது. வட்டி 30 சதவீதத்தையும் தாண்டி ஏறியது. 2023 ஆகஸ்டில் மறுபடியும் எல்லை வந்தது. அடகுக்கு 18, கடன் அட்டைக்கு 28.

ஆண்டு எதுவாயினும் அட்டை அடகைவிட 8 அல்லது 10 சதவீதம் விலை கூடியதாகவே இருந்தது. காரணம் எளியது. அடகுக்கு நகை பிணை. அட்டைக்குப் பிணை இல்லை. பிணை இல்லாத இடத்தில் வங்கி வட்டியையே பிணையாக்கிக்கொள்கின்றது. வணிக நியாயம் அதுவாகலாம். ஆனால் அந்நியாயத்தை முகத்துக்கு நேரே சொல்லி விற்க வேண்டாமா? “உன் தாயின் தாலிக்கொடியை நம்புவதைவிடக் குறைவாகவே உன்னை நம்புகின்றோம், அதற்குரிய விலை இதோ” என்றல்லவா விளம்பரம் எழுத வேண்டும்? அதனை விடுத்து, “உங்கள் வாழ்க்கையைக் கொண்டாடுங்கள்” என்று எழுதுகின்றார்கள்!

இன்னொன்றும் இங்கே கவனிக்கத் தக்கது. மேற்காட்டிய மூன்றாண்டுகளில் வட்டி எவ்வாறு ஏறி இறங்கியது என்பதைப் பாருங்கள். 18 சதவீதம் என்று நம்பி அட்டை எடுத்தவன் ஈராண்டுக்குள் 30க்கு மேல் கட்ட நேர்ந்தது. அட்டைக் கடனின் வட்டி கல்லில் எழுதப்பட்டதன்று, நீரில் எழுதப்பட்டது. ஆகவே இன்றைய வட்டி என்னவென்று அட்டை எடுக்கும் நாளில் வங்கியின் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்; நாளை அது மாறலாம் என்பதனையும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

“கடன் வரலாறு வேண்டாமா?”

முகவரின் கையிலுள்ள பெரிய ஆயுதம் இதுதான். “தம்பி, இன்றே அட்டை எடுத்தால்தான் உமக்குக் கடன் வரலாறு உண்டாகும், நாளைக்கு வீட்டுக் கடன் கிடைக்கும்.” கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. பாதி உண்மையும் உண்டு. பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கொடியது.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது இலங்கைக் கடன் தகவல் பணியகம். மக்கள் வாயில் ‘கிரிப்’ என்று வழங்குவது அதுவே. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தம்மிடம் கடன் பெற்றவரின் விபரங்களை அங்கே அனுப்புகின்றன. புதிதாகக் கடன் கேட்பவரின் ஏட்டை அங்கே புரட்டிப் பார்க்கின்றன. ஒழுங்காகக் கட்டியவனுக்கு அந்த ஏடு நற்சான்று. தவறியவனுக்கோ? இருபது வயதில் சில ஆயிரம் ரூபாயைக் கட்டத் தவறியது, அவன் பொறியியலாளனாகி வீட்டுக்கோ தொழிலுக்கோ கடன் கேட்கும்போது குறுக்கே வந்து நிற்கக் கூடும். வெள்ளை ஏடு குற்றம் அன்று. கறை படிந்த ஏடே குற்றம். ஏடே இல்லாதவனுக்கு வங்கி சம்பளச் சீட்டைக் கேட்கும். கறை படிந்தவனிடமோ காரணம் கேட்கும். இவ்விரண்டில் எது இலகு என்பதை மாணவனே தீர்மானிக்கட்டும்.

கடன் வரலாறு வேண்டும் என்போமானால், அதனை வட்டி கட்டித்தான் உண்டாக்க வேண்டும் என்பது எந்தச் சாத்திரம்? சிறிய தொகைக்குச் செலவு செய்து, மாதந்தோறும் முழுத்தொகையையும் நாள் தவறாமல் கட்டினால் ஒரு சதம் வட்டியின்றி நல்வரலாறு உண்டாகும். இதனை எந்த முகவராவது எடுத்துச் சொன்னாரா? சொல்லமாட்டார். முழுத்தொகையையும் கட்டுகின்றவனால் வங்கிக்குக் கடைக்காரர் தரும் சிறு தரகு கிடைக்கும், வட்டி கிடைக்காது.

மறுபக்கத்தாரின் வாதம்

கடன் என்றாலே தீட்டு, அட்டை என்றாலே பாவம் என்று ஒதுக்கும் பெரியவர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களோடும் நமக்கு உடன்பாடு இல்லை. இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவன் அதற்குரிய கட்டணத்தை அஞ்சற் காசுக்கட்டளையில் அனுப்ப இயலாது. ஆங்கிலத் தேர்வுக்கும் கணினி மென்பொருளுக்கும் இணையவழியே அட்டையாற் பணம் கட்ட வேண்டியிருக்கின்றது. அட்டை ஒரு கருவி. கவ்வாத்துக் கத்தி தேயிலையையும் கிள்ளும், விரலையும் கிள்ளும். கத்தியே கூடாது என்பது மடமை. பிடி எது, அலகு எது என்று காட்டாமற் குழந்தை கையில் கொடுப்பது கொடுமை.

பேசாத பெரியவர்களாலும் தீங்கு உண்டு. வருவாயை அறிந்து செலவு செய்க என்று மேடையிலே வள்ளுவரை முழங்குகின்றவர், வீட்டிலே தமது சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிள்ளைக்குச் சொல்வதில்லை. பிள்ளை கணக்கியலிற் சிறப்புத் தேர்ச்சி பெறுகின்றது. ஆனால் தன் வீட்டு வரவும் செலவும் அறியாது. இந்த அறியாமையிலேதான் முகவரின் விதை முளைக்கின்றது.

எந்த அட்டை? எவ்வாறு?

ஆகவே திட்டமாகச் சொல்லுகின்றோம். மாணவனின் முதல் அட்டை கடன் அட்டையாக இருத்தல் கூடாது. சேமிப்புக் கணக்கோடு இணைந்த பற்று அட்டையாகவே இருத்தல் வேண்டும். அது அவனிடம் உள்ள பணத்தை மட்டுமே செலவழிக்க விடும். இல்லாத பணத்தை அது கொடுக்காது. அதுவே அதன் பெருஞ் சிறப்பு. இணையவழிக் கட்டணங்களிற் பெரும்பாலானவற்றை இதனாலேயே கட்டலாம்; இணையப் பாவனைக்கும் வெளிநாட்டுப் பாவனைக்கும் அனுமதி தருமாறு வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓராண்டு இந்த அட்டையைப் பாவித்து, ஒவ்வொரு மாதமும் எதற்கு எவ்வளவு என்று எழுதிவரட்டும். அந்த ஏடுதான் அவன் அடுத்த அட்டைக்குத் தகுதியுடையவனா என்பதற்குச் சான்று.

அடுத்ததாகக் கடன் அட்டை உண்மையிலேயே தேவைப்படுமானால், நிலையான வைப்பைப் பிணையாக வைத்துப் பெறும் அட்டையே தக்கது. தந்தையின் துணை அட்டை அன்று. இங்கே எல்லை சிறியது. வைப்புக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். தவறினால் இழப்பது தன் வைப்பையே அன்றித் தந்தையின் பெயரை அன்று. எல்லையை வங்கி கொடுப்பதாற் பெறவேண்டாம். தன் ஒரு மாதக் கைச்செலவுக்கு மேற்படாதவாறு தானே கேட்டுக் குறைத்துக்கொள்ளட்டும். எல்லையை உயர்த்தித் தருகின்றோம் என்று வங்கி எழுதினால், வேண்டாம் என்று பதில் எழுதட்டும். விரலுக்குத் தக்க வீக்கம்!

அட்டையைத் தெரிந்தெடுக்கும்போது கழிவுப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்த உணவுச்சாலையில் எத்தனை சதவீதம் கழிவு என்பதன்று கேள்வி. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? முதலாண்டு இலவசம் என்றால் இரண்டாம் ஆண்டு எவ்வளவு? தாமதக் கட்டணம் எவ்வளவு? எல்லை மீறினால் எவ்வளவு? வெளிநாட்டு நாணயத்தில் வாங்கினால் மேலதிகமாக எவ்வளவு? அட்டையை மூடுவதற்கு என்ன செய்ய வேண்டும்? இந்த ஆறு கேள்விக்கும் எழுத்தில் விடை தராத வங்கியின் அட்டை, கழிவு அள்ளிக் கொடுத்தாலும் வேண்டாம்.

“ஐம்பது நாள் வட்டி இல்லை” என்னும் வாசகத்தின் பொருளையும் அறிந்துகொள்ள வேண்டும். கணக்குக்கூற்று முடிந்த மறுநாள் வாங்கியவனுக்கே அவ்வளவு நாள். கூற்று முடிவதற்கு முந்திய நாள் வாங்கியவனுக்கு மூன்று வாரமும் கிடைப்பது அரிது. முழுத்தொகையையும் கட்டுகின்றவனுக்கு மட்டுமே அந்தச் சலுகை. ஒரு பகுதியை நிறுத்தி வைத்தால், பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அட்டையைப் பொறியில் இட்டுக் காசு எடுப்பதோ எல்லாவற்றினும் கேடானது. அதற்குச் சலுகை நாள் இல்லை; எடுத்த கணமே வட்டி; அதன்மேல் கட்டணம் வேறு. வட்டியில்லாத் தவணை என்று கடையிலே கூறினால், கையாளுகைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். வட்டி வாசலால் வெளியேறிக் கட்டணம் என்னும் பெயரில் பின்வாசலால் உள்ளே வருவதும் உண்டு.

கையெழுத்து யாருடைய மொழியில்?

இனி, இதுகாறும் சொன்ன எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. ஆனால் கட்டுகஸ்தோட்டைத் தமிழ் மாணவன் கையெழுத்திடும் கடன் அட்டை ஒப்பந்தம் எந்த மொழியில் அவன் முன் வைக்கப்படுகின்றது? விளம்பரத்திலே தமிழ் உண்டு. தைப்பொங்கல் வாழ்த்திலே தமிழ் உண்டு. வட்டி எவ்வாறு கணிக்கப்படும், தவறினால் வங்கி என்ன செய்யும் என்னும் எறும்பெழுத்துப் பக்கங்கள் மட்டும் ஆங்கிலத்தில்! அழைக்கும்போது தாய்மொழி, கட்டிப் போடும்போது பிறமொழி. துண்டு எழுதிய துரையும் இப்படித்தான் செய்தார். தன் கடன் எவ்வளவு என்று எழுதிய தாளைத் தானே வாசிக்க இயலாதவனாகத்தான் நம் பாட்டன் அதனைச் சுமந்து நடந்தான்.

மாணவன் ஆங்கிலம் அறிவான் என்பர். அறியட்டும். துணை அட்டைக்குக் கையெழுத்திடும் தந்தை அறிவாரா? வைப்பை ஈடாக வைக்கும் தாய் அறிவாளா? “தமிழிற் தருக, வாசித்த பின் கையெழுத்திடுவோம்” என்று கேட்பது பிச்சை அன்று, உரிமை. மத்திய வங்கி 2023இல் நிதிசார் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டிருக்கின்றது; முறைப்பாடுகளைக் கேட்பதற்கு அதனிடம் தனித் திணைக்களமே உண்டு. அதன் கதவைத் தமிழர் தட்டாதிருந்தால், தமிழருக்குக் குறையே இல்லை என்றல்லவா அறிக்கை எழுதுவார்கள்?

உலகம் கொடுத்த விலை

இந்தப் பாடத்தைப் பிறர் விலை கொடுத்துக் கற்றிருக்கின்றனர். 1958இல் அமெரிக்காவின் பிரெஸ்னோ நகரில் ஒரு வங்கி, கேளாதிருந்த ஏறத்தாழ 60,000 பேருக்கு அஞ்சலிலே கடன் அட்டைகளை அனுப்பியது. அவ்வழக்கம் நாடெங்கும் பரவி, மோசடியும் கடனும் பெருகி, 1970இல் கேளாத அட்டையை அனுப்பலாகாது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் தடுக்க வேண்டியதாயிற்று. அத்தோடு முடிந்ததா? இல்லை; வலை கல்லூரி வளாகங்களுக்குள் வீசப்பட்டது. சட்டையும் தின்பண்டமும் இலவசம் என்று கூவி மாணவரிடம் கையெழுத்து வாங்கினர். 2009இல் மற்றொரு சட்டம் வந்தது. 21 வயதுக்கு உட்பட்டவர் தம் வருமானத்தை நிரூபிக்க வேண்டும், அல்லது கடனுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் கூடக் கையெழுத்திட வேண்டும். வளாகத்தில் பரிசு கொடுத்து அட்டை விற்கக் கூடாது. முதலாளித்துவத்தின் தலைநகரமே இவ்வாறு வேலி கட்டிற்று!

தென்கொரியாவின் கதை இன்னும் கொடியது. 1997இன் நெருக்கடிக்குப் பின்னர், மக்கள் செலவு செய்தால் பொருளாதாரம் எழும் என்று எண்ணிய அரசே அட்டைப் பாவனைக்கு வரிச்சலுகை வழங்கியது. தெருவோரத்திலே அட்டைகள் விற்கப்பட்டன. 2003இன் முடிவில் கடன் தவறியோர் பட்டியலில் 37 இலட்சம் பேர் நின்றனர். மிகப் பெரிய அட்டைக் கம்பனியே சரிந்தது. அதனைத் தாங்கிப் பிடிக்க வங்கிகள் ஓடோடி வந்தன.

நம் மலைநாட்டின் பழைய கதையும் அதுதான். கோப்பித் தோட்டங்களுக்கு வாரி வழங்கிய ஓரியண்டல் வங்கி 1884இல் கதவடைத்தபோது, அதன் நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பேற்றது. வங்கி விழுந்தால் தூக்க அரசு உண்டு. கம்பனி விழுந்தால் தாங்கக் கம்பனிகள் உண்டு. கட்டுகஸ்தோட்டை மாணவன் விழுந்தால்? அவன் பெயரை எழுதிக்கொள்ள ஓர் ஏடு உண்டு, அவ்வளவே!

நமது கோரிக்கை

வங்கிகளைக் கேட்கின்றோம்: கணக்குக்கூற்றின் முகப்பிலேயே, குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் இக்கடன் தீர எத்தனை ஆண்டு செல்லும், மொத்த வட்டி எவ்வளவு என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிடுக. அமெரிக்காவில் 2009இன் சட்டம் இதனையும் கட்டாயமாக்கிற்று. இங்கு மட்டும் மை தீர்ந்துவிடுமோ? ஒப்பந்தத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தருக. சிங்கள விவசாயியின் மகனும் இதே வலையில் விழுகின்றான். இது இன வழக்கு அன்று, எளியவன் வழக்கு.

மத்திய வங்கியைக் கேட்கின்றோம்: சம்பளம் இல்லாத மாணவருக்கு வைப்புப் பிணை அட்டையைத் தவிர வேறு கடன் அட்டை விற்கலாகாது என்று விதி செய்க, செயலிக் கடன்காரரையும் அவ்வேலிக்குள் கொணர்க.

ஆசிரியர்களைக் கேட்கின்றோம்: உயர்தர வகுப்பு முடியுமுன் ஒரே ஒரு பாட நேரம் ஒதுக்கி, மேலே நாம் போட்ட வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

பெற்றோரைக் கேட்கின்றோம்: உங்கள் வரவும் கடனும் இவ்வளவு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதில் அவமானம் இல்லை.

மாணவத் தம்பியரே, தங்கையரே! கட்டுகஸ்தோட்டையில் பாதைகள் பிரிகின்றன. ஒன்று மாத்தளை கடந்து வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போகும், மற்றொன்று குருநாகலுக்குப் போகும். தவறான பேருந்தில் ஏறியவன் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிடலாம். கடனில் ஏறியவனுக்கு அந்த வசதி இல்லை; ஏறும்போது நடத்துநர் கட்டணம் கேட்பதில்லை, இறங்கும்போதே கேட்கின்றார். ஆகவே ஏறுமுன் கேளுங்கள். வாசித்த பின் கையெழுத்திடுங்கள். புரியாத தாளுக்கு உங்கள் பாட்டன் பெருவிரல் ரேகை வைத்தான். அவனுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு உண்டு. அதற்காகத்தான் அவன் உங்களைப் படிக்க வைத்தான்.